பொதியும் துப்பாக்கியும்: ஐக்கிய அமெரிக்காவிற் பொதுக் காவுநர் பற்றிய சட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி நம்மிடையே பேச்செழும்போதெல்லாம், அங்கே யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்னும் வினாவே முன்னிற்கின்றது. அத்துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எவ்வழியாகச் செல்கின்றது என்பது அத்துணை கவனம் பெறுவதில்லை. ஆயின் அந்நாட்டுச் சமஷ்டிச் சட்டத்தின் வரலாற்றை உற்று நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். அச்சட்டம் துப்பாக்கியைக் காட்டிலும் அதனைச் சுமந்து செல்லும் பொதியையே பெரிதும் பின்தொடர்ந்து வந்துள்ளது. தனிமனிதர் ஒருவர் தமக்குச் சொந்தமான துப்பாக்கியைப் பொதுக் காவுநர் மூலம் அனுப்புவது பற்றிய விதிகள் எவை, அவை ஏன் இவ்வுருவைப் பெற்றன, இன்று அவற்றை நடைமுறையில் வகுப்பவர் யார் என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துப்பாக்கியையும் அதனை வைத்திருப்பவரையும் நேரடியாகவே பற்றிப்பிடிக்கின்றது. அனுமதிப்பத்திரம் இன்றேல் துப்பாக்கியும் இல்லை. குடியேற்ற ஆட்சியாளர் அவ்வாறு சட்டமியற்றுவதற்கு யாப்புத் தடை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறு. குற்றத்தைத் தடுத்தல், பொது அமைதியைப் பேணல் முதலியன அங்கே அடிப்படையில் மாநிலங்களுக்குரிய அதிகாரங்களாகும். சமஷ்டிக் கொங்கிரசுக்கு யாப்பு எண்ணித் தந்த அதிகாரங்கள் வரையறுக்கப்பட்டவை. வரி விதித்தல், தபாற் சேவையை நடத்துதல், மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தல் ஆகிய மூன்றுமே துப்பாக்கி விடயத்தில் அதற்குக் கைகொடுத்தன. 1934இல் இயந்திரத் துப்பாக்கியைக் கட்டுப்படுத்த முனைந்தபோதுகூட அதனைத் தடைசெய்யாது, கைமாற்றத்தின்மீது 200 டொலர் வரி விதித்தமை இதனாலேயே. ஏனைய துப்பாக்கிகளைப் பொறுத்தவரையிற் சமஷ்டி அரசுக்கு எட்டிய இடங்கள் தபாலகமும் மாநில எல்லையுமே எனலாம். அவ்விரண்டிடத்தும் நிற்பவர் காவுநர்.

பொதுக் காவுநர் என்போர், கூலி பெற்றுக்கொண்டு எவரது பொருளையும் ஏற்றிச்செல்வதைத் தொழிலாகக் கொண்டவர். ஆங்கிலப் பொதுவழக்குச் சட்டத்திற் பிறந்த இக்கருத்துக்கு இரு பக்கங்கள் உண்டு. ஏற்ற பொருளுக்கு அவர் முற்றாகப் பொறுப்பாளி. 1703இல் கொக்ஸ் எதிர் பேர்னாட் என்னும் வழக்கிற் பிரதம நீதியரசர் ஹோல்ற் கூறியவாறு, இறைசெயலும் அரசனின் பகைவர் செயலும் தவிர வேறெதனாலும் அப்பொறுப்பிலிருந்து அவர் நீங்கவியலாது. மற்றது, நியாயமான கூலி தரும் எவரையும் அவர் காரணமின்றித் திருப்பியனுப்பலாகாது என்பது. தெருவுக்கும் துறைமுகத்துக்கும் உள்ள பொதுத்தன்மையின் ஒரு கூறு காவுநருக்கும் உண்டென்பதே இதன் உட்பொருள். இரண்டாவது பக்கத்தை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் அதற்கு நாம் மீள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிற் சிறு பொதிகளைச் சுமந்தவை தனியார் எக்ஸ்பிறஸ் கம்பனிகளே. அவற்றின் கூலிவீதம் கிராமிய விவசாயிகளைப் பெரிதும் அழுத்தியது. விவசாயிகள் இயக்கங்களின் நீண்ட கோரிக்கையின் பயனாக 1913 ஜனவரி 1இல் அரசின் பொதித்தபாற் சேவை தொடங்கிற்று. சியேர்ஸ் றோபக் போன்ற தபால்வழி வணிக நிலையங்கள் அதனாற் பெருவளர்ச்சி கண்டன. அந்நிலையங்களின் தடித்த விலைப்பட்டியல் நூல்களிற் கலப்பையும் தையற்பொறியும் இடம்பெற்ற அதே வகையிற் றிவோல்வரும் இடம்பெற்றது. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நகரக் கொலைகள் பேசுபொருளாயின. மாநிலமொன்று கைத்துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தினாலும், அரசின் தபாற்காரரே அதனை வீட்டு வாசலிற் கொண்டுவந்து கொடுக்கின்றார் என்னும் முரண்பாடு எல்லோர்க்கும் தெரிந்தது. எனவே 1927இல் கொங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. உடலில் மறைத்துக் கொண்டுசெல்லத்தக்க சுடுகலன்களைத் தபாலில் அனுப்புதல் அச்சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. படையினர், பொலிசார், உற்பத்தியாளர், வணிகர் ஆகியோருக்கு மட்டும் விலக்குகள் இருந்தன.

தபாலை மூடிய இச்சட்டம் எக்ஸ்பிறஸ் கம்பனிகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. விற்பனையாளர் செய்யவேண்டியிருந்ததெல்லாம் கைத்துப்பாக்கிப் பொதியைத் தபாலகத்திலிருந்து எடுத்து அடுத்த தெருவிலிருந்த எக்ஸ்பிறஸ் அலுவலகத்திற் கொடுப்பது ஒன்றே. 1938இன் சமஷ்டிச் சுடுகலன் சட்டம் வணிகருக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது உண்மையே. ஆயின் அப்பத்திரத்தின் கட்டணம் ஆண்டுக்கு ஒரு டொலர். பாரிய குற்றவாளிக்குத் தெரிந்துகொண்டே அனுப்பலாகாது என்று அச்சட்டம் கூறிற்று; பெறுபவர் யாரென விசாரித்தறியுமாறு அது பணிக்கவில்லை. அறியாதிருத்தல் வணிகருக்குச் செலவற்ற பாதுகாப்பாயிற்று.

இந்த இடைவெளியை 1963 மார்ச் 20ஆம் நாளின் இரு பொதிகள் காட்டுவதுபோல வேறெதுவும் காட்டாது. சிக்காகோவின் கிளைன்ஸ் விளையாட்டுப் பொருள் நிலையம் அன்று இத்தாலியப் படையின் பழைய கார்க்கானோ றைபிள் ஒன்றை ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரத் தபாற்பெட்டியொன்றுக்கு அனுப்பியது. தொலைநோக்கியோடு அதன் விலை 19 டொலர் 95 சதம். அனுப்புகூலி சேர்த்து 21 டொலர் 45 சதத்துக்கான காசுக்கட்டளையும், சஞ்சிகை விளம்பரத்திலிருந்து வெட்டிய துண்டுமே கொள்வனவாளர் சமர்ப்பித்த ஆவணங்கள். பெயர் ஏ. ஹிடெல். நீண்ட துப்பாக்கியாதலால் அது அரசின் பொதித்தபாலிலே சட்டப்படி சென்றது. லொஸ் ஏஞ்சலிசின் சீபோட் ரிறேடர்ஸ் நிலையமும் அதே நாளில் அதே பெயருக்கு ஸ்மித் அன்ட் வெசன் றிவோல்வர் ஒன்றை அனுப்பியது. அது கைத்துப்பாக்கி, 1927இன் சட்டம் அதனைத் தபாலில் விடாது. ஆகவே புகையிரதக் கம்பனிகளின் கூட்டுடைமையாகிய றெயில்வே எக்ஸ்பிறஸ் ஏஜென்சி அதனைச் சுமந்துசென்று, மீதிப் பணத்தையும் கையளிக்கும்போதே வாங்கிக்கொண்டது. ஹிடெல் என்பது லீ ஹார்வி ஒஸ்வால்டின் புனைபெயர். அவ்வாண்டு நவம்பர் 22இல் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டது முதற் பொதியில் வந்த துப்பாக்கியால் எனவும், பொலிஸ் அலுவலர் ரிப்பிற் சுடப்பட்டது இரண்டாவதில் வந்ததால் எனவும் வொறன் ஆணைக்குழு முடிவு செய்தது. இரு பொதிகளின் பயணத்திலும் எவரும் சட்டமீறல் எதனையும் கண்டிருக்க முடியாது. ஒரு சட்டம் ஒன்றைத் தபாலிலிருந்து விலக்கி எக்ஸ்பிறசுக்குத் திருப்பிவிட்டது, அவ்வளவே.

கொலையின் அதிர்ச்சியே 1968இன் சட்டத்தைப் பெற்றெடுத்தது எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அது பாதி உண்மையே. கொனெற்றிகற் மாநிலத்தின் செனற்றர் தோமஸ் டொட், தபால்வழித் துப்பாக்கி வணிகம் பற்றிய விசாரணைகளை 1961இலேயே தொடங்கிவிட்டார். அவரது மசோதா 1963 ஓகஸ்ற்றில், அதாவது கொலைக்கு முன்னரே, முன்வைக்கப்பட்டது. கொனெற்றிகற்றும் அயல் மாநிலமான மசாசூசெற்சும் துப்பாக்கித் தொழிற்சாலைகள் மலிந்த பிரதேசம் என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. ஐரோப்பியப் படைகள் கழித்துவிட்ட மலிவான துப்பாக்கிகள் இறக்குமதியாகித் தபால்வழி விற்கப்பட்டமை உள்நாட்டு உற்பத்தியாளருக்குப் பெரும் போட்டியாக இருந்தது. 1958இல் அத்தகைய இறக்குமதியைத் தடைசெய்ய மசோதா ஒன்றைக் கொண்டுவந்த செனற்றர்களுள் ஒருவர் மசாசூசெற்சின் ஜோன் கென்னடி. அவர் பாதுகாக்க முயன்றது தமது மாநிலத் தொழிற்சாலைகளை. அம்மசோதா முழுமையாக நிறைவேறியிருந்தால் கார்க்கானோ டலசை அடைந்திருக்குமா என்பது வரலாற்றின் கசப்பான வினாக்களுள் ஒன்று. மனிதாபிமானமும் சந்தை நலனும் ஒரே மசோதாவிற் கைகோத்து நின்றமையை அக்காலத்து விவாதங்களைப் படிப்போர் காணத் தவறமாட்டார்.

எவ்வாறாயினும் டொட்டின் மசோதா ஐந்தாண்டுகள் கிடப்பிற் கிடந்தது. 1965 முதல் நகரங்களிற் கறுப்பின மக்களின் கிளர்ச்சிகள் தொடர்ந்தன. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் யூனில் றொபேட் கென்னடியும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்ரோபர் 22இல் ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அவர் கேட்டிருந்த பதிவும் உடைமையாளர் அனுமதிப்பத்திரமும் அதில் இல்லை என்பதை அவ்வேளையிலேயே வெளிப்படையாகக் குறைகூறினார். கிடைத்தது பொதி பற்றிய சட்டமே.

அச்சட்டத்தின் மையவிதி எளியது. மாநில எல்லையைக் கடந்து கைமாறும் துப்பாக்கி, அனுமதிப்பத்திரம் பெற்ற வணிகர் ஒருவரின் கைவழியாகச் செல்லவேண்டும். வணிகர் வேற்று மாநிலத்துத் தனிமனிதருக்கு நேரே அனுப்பலாகாது. தனிமனிதர் வேற்று மாநிலத்துத் தனிமனிதருக்குக் கைமாற்றலாகாது. ஆனால் தனிமனிதர் எம்மாநிலத்திலுள்ள அனுமதிபெற்ற வணிகருக்கும் உற்பத்தியாளருக்கும் அனுப்பலாம். பழுதுபார்க்க அனுப்பிய துப்பாக்கியையோ அதற்கு ஈடான மாற்றுத் துப்பாக்கியையோ அவர்கள் நேரே உரியவருக்குத் திருப்பியனுப்பலாம். மரணசாசனத்தாலோ வழியுரிமையாலோ ஒருவரைச் சேரும் துப்பாக்கிக்கும், சட்டபூர்வமான விளையாட்டுத் தேவைக்காகத் தற்காலிகமாக இரவல் தரப்படும் துப்பாக்கிக்கும் விலக்கு உண்டு. வேட்டைக்காக வேறு மாநிலஞ் செல்பவர் தமது துப்பாக்கியை அங்குள்ள ஒருவரின் மேற்பார்த்துத் தமக்கே அனுப்பிவைக்கலாம். ஆயின் அப்பொதியை உரியவரே திறத்தல் வேண்டும், வீட்டுக்காரர் திறந்து தம்வசமாக்கலாகாது. 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கி இச்சட்டத்தின் நோக்கிற் சுடுகலனே அன்று.

தபாலா தனியார் காவுநரா என்பது இதற்கு மேல் வரும் வேறொரு வினா. நீண்ட துப்பாக்கியைத் தனிமனிதர் தம் மாநிலத்துள்ளோருக்கும், எம்மாநிலத்து அனுமதிபெற்ற வணிகருக்கும் தபாலில் அனுப்ப இயலும். ரவைகளைத் தபால் ஏற்பதில்லை. கைத்துப்பாக்கிக்கு 1927இன் தடை குறுக்கிட்டமையால், அதனைத் தனிமனிதர் அனுப்பச் சட்டம் விட்டுவைத்த வழி தனியார் காவுநரே.

மாநில எல்லையே எல்லாவற்றையும் தீர்மானிப்பதன் விளைவுகள் விந்தையானவை. ரெக்சாசின் மேற்கு முனையிலுள்ள எல் பாசோவிலிருந்து ஹூஸ்ரனுக்கு ஏறத்தாழ 1200 கிலோமீற்றர். அத்தொலைவைக் கடந்து ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கியைக் கைமாற்றுவதைச் சமஷ்டிச் சட்டம் தடுப்பதில்லை. பெறுபவர் தகுதியற்றவர் என்பதை அனுப்புபவர் அறிந்திருந்தாலோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தாலோதான் குற்றம். பின்னணி விசாரணை எதுவும் கேட்கப்படுவதில்லை. மாறாக, ரெக்சார்கானா நகரம் ரெக்சாஸ், ஆர்க்கன்சோ ஆகிய இரு மாநிலங்களிலும் பாதிபாதியாகக் கிடக்கின்றது. அதன் தபாலகக் கட்டடமே எல்லைக்கோட்டின் மீது நிற்கின்றது. அங்கே தெருவின் இப்புறத்தார் அப்புறத்தாருக்குத் துப்பாக்கியைக் கைமாற்ற விரும்பின் வணிகர் ஒருவரை நாடியாக வேண்டும். சட்டம் அளப்பது ஆபத்தையா, வரைபடத்தையா என்னும் ஐயம் இயல்பானதே. கலிபோர்ணியா போன்ற சில மாநிலங்கள் மாநிலத்துள் நிகழும் தனியார் கைமாற்றங்களையும் வணிகர் மூலமே நடத்துமாறு 1991 முதல் விதித்து இவ்விடைவெளியை அடைத்துள்ளன. வேறு பல அடைக்கவில்லை.

இனிக் காவுநருக்கும் அனுப்புபவருக்கும் இடையிலான கடமைகளை நோக்குவோம். அனுமதிபெறாத ஒருவருக்கு மாநில எல்லை கடந்து செல்லும் பொதியிற் சுடுகலனோ ரவையோ இருப்பின், அதனை அனுப்புபவர் காவுநருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். சட்டமீறல் எனத் தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ காவுநர் அதனைச் சுமத்தலும் குற்றமாகும். 1993இன் பிறேடிச் சட்டம் மேலும் இரண்டைச் சேர்த்தது. பெறுபவரிடம் கையெழுத்து வாங்காது துப்பாக்கியைக் கையளிக்கலாகாது. பொதியின் வெளிப்புறத்தில் உள்ளே துப்பாக்கி உள்ளது எனக் காட்டும் அடையாளம் எதனையும் ஒட்டுமாறு காவுநர் கேட்கலாகாது. பின்னையது திருட்டை அஞ்சி இயற்றப்பட்ட விதி. விமானப் பயணிகளின் பெட்டிகளில் அத்தகைய அடையாளங்கள் தொங்கியமை திருடருக்கு வழிகாட்டியதை நினைக்க, அதன் நியாயம் விளங்கும். எனினும் இதன் மறுபக்கமும் உண்டு. கம்பனி அறிந்திருப்பதைப் பொதியைத் தோளிற் சுமக்கும் தொழிலாளி அறியாதிருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அறிவு கம்பனியின் அலுவலகத்தில் இருக்கின்றது. ஆபத்து இருப்பது பாரவூர்தியிலும் களஞ்சியத்திலும். வழியிற் காணாமற்போகும் துப்பாக்கியை அறிவிக்கும் கடமை 2016இல் அனுமதிபெற்ற அனுப்புநர் மீது, அறிந்த 48 மணி நேரத்துள் என, சுமத்தப்பட்டது. சுமந்துசென்ற காவுநர் மீது அத்தகைய சமஷ்டிக் கடமை சுமத்தப்படவில்லை. அவர் அறிவிப்பது விருப்பின்பாற்பட்டது.

மேற்கூறியன சட்டநூலில் உள்ளவை. இவற்றை நம்பி இன்று ஒரு தனிமனிதர் தமது கைத்துப்பாக்கியோடு காவுநரின் சாளரத்தை அணுகுவாராயின், அவர் திருப்பியனுப்பப்படுவார். தடுப்பது கொங்கிரசின் சட்டமன்று, கம்பனியின் நிபந்தனைப் பத்திரம். றெயில்வே எக்ஸ்பிறஸ் 1975இல் முறிவடைந்தபின் இத்துறை படிப்படியாக யூ.பி.எஸ்., பெடெக்ஸ் என்னும் இரு பெருங் கம்பனிகளின் கைக்குள் வந்தது. ஊழியர் சிலரே கைத்துப்பாக்கிகளைத் திருடியமை காரணமாக, 1999இல் யூ.பி.எஸ். அவற்றை மிக விலையுயர்ந்த மறுநாள் விமான சேவையில் மட்டுமே ஏற்பதெனத் தீர்மானித்தது. முன்னர் வரையறைகளோடு தனிமனிதரிடமிருந்தும் ஏற்றுவந்த இக்கம்பனிகள், 2022ஆம் ஆண்டளவில், தம்மோடு தனி உடன்படிக்கை செய்துகொண்ட அனுமதிபெற்ற வணிகரிடமிருந்தே துப்பாக்கிகளை ஏற்பதெனும் நிலைக்கு வந்தன. ஆகவே தனிமனிதர் தமது ஊர் வணிகரிடஞ் சென்று கட்டணஞ் செலுத்தி அவர் மூலமே அனுப்பவேண்டியவரானார்.

எவரையும் காரணமின்றித் திருப்பியனுப்பலாகாது என்ற பழைய கடமை எங்கே போயிற்று? 1980இல் தொடங்கிய ஒழுங்குவிதித் தளர்ப்பும், 1995 இறுதியில் மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழு கலைக்கப்பட்டமையும் அதற்கு விடை தருகின்றன. காவுநரின் கட்டணமும் நிபந்தனையும் பொது அதிகாரியின் முன் தாக்கல் செய்யப்பட்டு நியாயம் கேட்கப்படும் முறை அகன்றது. உறவு ஒப்பந்தமாயிற்று. பொதுக் காவுநர் என்னும் பெயர் சட்டநூலில் நிலைத்திருக்க, அதன் பொதுத்தன்மை தேய்ந்தது.

முற்போக்கு நோக்குடையோர் இதனை எவ்வாறு மதிப்பிடுவது? விளைவை மட்டும் பார்ப்பின் மகிழத் தோன்றும்: எல்லாத் துப்பாக்கிகளும் அனுமதிபெற்றோர் கைவழியே செல்லவேண்டும் என்ற, கொங்கிரஸ் ஒருபோதும் துணியாத விதியைக் கம்பனிகள் நடைமுறைப்படுத்திவிட்டன. நாம் அவ்வாறு மகிழ ஆயத்தமாக இல்லை. இத்தீர்மானம் வாக்காளர் முன் வைக்கப்படவில்லை, எவ்வவையிலும் விவாதிக்கப்படவில்லை. காப்புறுதிச் செலவும் வழக்கு அச்சமும் அதனைப் பிறப்பித்தன. அவற்றின் கணக்கு மாறும் நாளில் அது அறிவித்தலின்றி மாறலாம். 2022 நவம்பரில் மொன்ரானா உள்ளிட்ட பல மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் இக்கம்பனிகளின் உடன்படிக்கைகளை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினர். அவர்களது அரசியல் நமக்கு உவப்பானதன்று. ஆனால் வணிகரின் விற்பனை விபரங்களைத் தனியார் கம்பனி ஒன்று யாருக்காகத் திரட்டுகின்றது என்று அவர்கள் எழுப்பிய வினாவைப் புறக்கணிப்பதற்கில்லை.

பொதியின் கதை துப்பாக்கியின் உறுப்புகளிலும் தொடர்கின்றது. சமஷ்டிச் சட்டத்திற் சுடுகலன் எனக் கருதப்படுவது அதன் மைய உடலே. குழலும் பிடியும் சாதாரண பொருட்களாக எவர் வீட்டுக்கும் செல்லலாம். இதனைப் பயன்படுத்தி, மைய உடலையும் முடிவுறாத நிலையில் வைத்து, வீட்டிலே துளையிட்டுப் பொருத்துவதற்கான உறுப்புத் தொகுதிகள் பொதியாக விற்கப்பட்டன. தொடரிலக்கமும் இல்லை, பின்னணி விசாரணையும் இல்லை. ஒஸ்வால்டின் காலத்து அஞ்சல் வணிகம் வேறு வடிவில் மீண்டுவந்தது எனலாம். 2022இல் சுடுகலன் பணியகம் வகுத்த விதி இத்தகைய தொகுதிகளையும் சுடுகலன் என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் அவ்விதியை ஆதரித்தது.

1927இன் தபாற் சட்டமோ எதிர்த்திசையிற் சோதிக்கப்படுகின்றது. 2022இல் நியூயோர்க் வழக்கொன்றில் உயர் நீதிமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துச் செல்லவேண்டும் என்ற அளவுகோலை வகுத்தபின், நூறாண்டை அணுகும் அத்தடையின் செல்லுபடித்தன்மையே வினாவுக்குள்ளாகியுள்ளது. அது நீங்குமிடத்து, தனியார் கம்பனிகள் ஏற்க மறுக்கும் கைத்துப்பாக்கியைத் தனிமனிதர் மீண்டும் தபாலகத்துக்குக் கொண்டுசெல்வார். மாநில எல்லை பற்றிய 1968இன் விதி அப்போதும் நிற்கும். எல் பாசோவிலிருந்து ஹூஸ்ரனுக்குச் செல்லும் பொதியை அவ்விதி தொடாது.